அகராதியை எப்போது திறப்பது? கிரிப்டிக் குறுக்கெழுத்தும் துணைநூல்களும்

குறுக்கெழுத்துப் புதிரை அவிழ்க்கும்போது அகராதி பார்க்கலாமா என்று கேட்டால், புதிர்ப் பிரியர்களிடமிருந்து இரண்டு விதமான பதில்கள்தான் பெரும்பாலும் வரும். ஒரு சாரார் அதைத் தேர்வறைக்குத் துண்டுச்சீட்டு கொண்டுபோவதோடு சேர்த்துப் பேசுவார்கள். மற்றவர்கள், காசு பணம் புழங்காத ஒரு பொழுதுபோக்கில் யார் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். இரு தரப்பினரோடும் உட்கார்ந்து பல காலமாகப் புதிர் போட்டுவருபவன் என்ற முறையில், அகராதியை நல்லது கெட்டது என்று முத்திரை குத்த எனக்கு மனம் வருவதில்லை. அதனிடம் நாம் எதைக் கேட்கிறோம், எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதுதான் புதிரின் சுவை கூடுவதையும் குறைவதையும் முடிவு செய்கிறது என்பது என் அனுபவம்.

இதை விளக்கக் கிரிப்டிக் குறிப்பின் உடற்கூற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது விடையின் பொருள் மட்டுமே. பொருள் தெரிந்தால் விடை தெரியும், தெரியாவிட்டால் அகராதிதான் கதி. கிரிப்டிக் குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. தொடக்கத்திலோ முடிவிலோ விடைக்கான நேர்ப்பொருள் இருக்கும். மீதமுள்ள சொற்கள் விடையின் எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்பதை மறைவாகச் சொல்லும். எடுத்துக்காட்டாக ஒன்றை நானே அமைத்துத் தருகிறேன்: ‘அகதிக்குள் இரவு நுழைய, சொற்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் (4)’. படித்தவுடன் மனத்தில் ஒரு முகாமும் ஒரு நீண்ட வரிசையும் தோன்றினால் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. உண்மையில் அது சொல்வது இவ்வளவுதான்: ‘அகதி’ என்ற சொல்லுக்குள் இரவைக் குறிக்கும் ‘ரா’வை நுழைத்தால், சொற்கள் வரிசையாக நிற்கும் ‘அகராதி’ கிடைக்கும். தமிழில் உயிர்மெய் எழுத்து முழுதாக ஒரு கட்டத்தில் அமரும், புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு என்பதால் அ, க, ரா, தி என்று நான்கு கட்டங்கள்.

இந்தக் குறிப்பை அவிழ்க்கும்போது மூன்று இடங்களில் கை துணைநூலை நோக்கிப் போகலாம். ‘இரவு’ என்பதற்கு ஓரெழுத்துச் சொல் உண்டா என்று தேடலாம். ‘அகதிக்குள்’ என்பது விடைக்கான பொருளா, சேர்மான உத்தரவா என்று தெரியாமல் ‘அகதி’க்கு வேறு பொருள் தேடலாம். அல்லது, குறுக்கே போகும் விடைகளிலிருந்து ‘அ’வும் ‘தி’யும் கிடைத்துவிட்ட நிலையில், அ-வில் தொடங்கித் தி-யில் முடியும் நான்கெழுத்துச் சொற்களை எல்லாம் ஒரு செயலியிடம் பட்டியல் கேட்கலாம். முதலாவது தேடலில் ஒரு சொல்லைக் கற்கிறோம். இரண்டாவதில் வழி தவறினாலும் அதுவும் புதிருக்குள் அலைவதுதான். மூன்றாவதில் குறிப்பைப் படிக்கவே வேண்டியதில்லை. துணைநூல் புதிரைக் கெடுக்கிறது என்று மக்கள் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான்; ஆனால் குற்றம் மட்டும் மூன்றின் மேலும் சமமாக விழுந்துவிடுகிறது.

பட்டியல் கேட்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று நினைக்கிறோம். பல நேரம் அது தவறான விடைக்கு வக்காலத்து வாங்க வைக்கிறது. என் மாமா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். குறிப்பு இது: ‘கண்முனையில் மீனவர் விரித்தது தூக்கத்தைக் கெடுக்கும் (3)’. முதல் கட்டத்தில் ‘க’, மூன்றாவதில் ‘லை’ ஏற்கெனவே விழுந்திருந்தன. மாமாவின் மகள் கைப்பேசியில் தேடி, கடலை, கவலை, கழலை, கபிலை என்று வந்த பட்டியலின் முதல் சொல்லைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டாள்.

“அப்பா, கடலைதான். கடலை தின்னா வாயு. வாயு புடிச்சா தூக்கம் எங்க வரும்?”

“மீனவர் எதுக்கும்மா வந்தார்?”

“அதுலதான் கடல் இருக்கே!”

“சரி, கண்முனை?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. ஆனாலும் கடலையை விட மனமும் இல்லை. நான் குறுக்கிட்டு, “நடுவுல என்ன எழுத்து மாமா?” என்று கேட்டேன். “அதை என்கிட்ட கேக்காத. மீனவர் எதை விரிப்பார்னு உன்னையே கேட்டுக்க” என்றார். அவர் வலையை விரிப்பார். கண் என்ற சொல்லின் முனையில் இருப்பது ‘க’. தூக்கத்தைக் கெடுப்பது கவலை. விடை வந்த பிறகு பார்த்தால், குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக இல்லை என்பது தெரியும். பட்டியலில் ‘கவலை’யும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சரியான விடை கண் முன்னே கிடந்தும், குறிப்பைப் பிரித்துப் பார்க்காததால், கடலும் வாயுவுமாக ஒரு கதை கட்டித் தவறான சொல்லுக்கு நியாயம் கற்பிக்க முடிந்தது. பட்டியலிலிருந்து குறிப்புக்குப் போகும்போது எந்தச் சொல்லுக்கும் ஏதாவது ஒரு பொருத்தம் தென்படவே செய்யும். குறிப்பிலிருந்து சொல்லுக்கு வரும்போதுதான் மற்றவை தாமாக உதிரும்.

மாமாவின் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதில் பயன் இருக்கிறது. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், ‘தி ஹிந்து’வின் ஆங்கிலக் குறுக்கெழுத்தையும் தமிழில் கிடைக்கும் புதிர்களையும் ஒரே பென்சிலால் போடுகிறவர். காலைச் சுற்றில் அவர் எதையும் திறக்க மாட்டார். தேங்கிய குறிப்புகளுக்கு எதிரே, நேர்ப்பொருள் என்று தாம் கருதும் பகுதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைப்பார். மாலையில்தான் அகராதி வெளியே வரும். அப்போதும், கோடு போடாத குறிப்புக்காக அதைத் திறப்பதில்லை. இது ஏதோ ஒழுக்க நெறி என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. கோடு போடாதவரை எந்தச் சொல்லைத் தேடுவது என்றே தெரியாது, தெரியாமல் தேடினால் அரை மணி நேரம் வேறு ஏதேதோ பக்கங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்பதுதான் அவர் தரும் காரணம். (அந்த அரை மணி நேரமும் இன்பமானதுதான் என்பதை அவரே ஒப்புக்கொள்வார்; ஆனால் அது வேறு பொழுதுபோக்கு.)

விடையைக் கட்டத்தில் எழுதிய பிறகு அகராதியைத் திறப்பது இன்னும் பயன் தருவது. இதைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. ‘இருபதில் ஒரு பங்கு ஓட்டையான பழம் (3)’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழம் என்பது தெரிகிறது. ஓட்டை என்றால் துளை என்று தோன்றுகிறது. துளையில் முடியும் மூன்றெழுத்துப் பழம் மாதுளை. விடை கிடைத்துவிட்டது என்று அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம். ஆனால் ‘மா’ எப்படி இருபதில் ஒரு பங்கு ஆனது என்று அகராதியில் பார்த்தால், பழந்தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்பது 1/20, காணி என்பது 1/80, முந்திரி என்பது 1/320 என்ற வரிசை கிடைக்கும். அதே பக்கத்தில் மாவுக்குக் குதிரை, விலங்கு, பெரிய, திருமகள், மாமரம் என்ற பொருள்களும் வரிசையாக நிற்கும். இந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு, ‘மா’ என்ற எழுத்து எந்தப் புதிரில் எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும். விடை கையில் இருக்கும்போது பார்ப்பதால் புதிரும் கெடவில்லை.

இந்தச் சிறு துண்டுகள்தான் தமிழ்க் கிரிப்டிக்கின் செங்கற்கள் என்பதால், இவற்றை ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருப்பதைவிட ஒரு தடவை உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்குச் சொல்கிறது: உயிரில் ஆறு, மகரத்தில் ஆறு, தகரம் பகரம் நகரத்தில் ஐந்தைந்து, ககரம் சகரம் வகரத்தில் நான்கு நான்கு, யகரத்தில் ஒன்று, இவை தவிர நொ, து என்ற இரண்டு குறில்கள். ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், நா, பா, பூ, தீ, கை, பை, மை, தை என்று பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். அவற்றோடு தமிழ் எண்களாக நிற்கும் எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: க ஒன்று, உ இரண்டு, ச நான்கு, எ ஏழு, அ எட்டு. புதிரில் ‘எட்டு’ என்று கண்டவுடன் அகரமும் ஒரு சாத்தியம் என்று தோன்றும் நிலை வந்துவிட்டால், அகராதிக்குப் போகும் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

துணைநூல் என்பது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் வரிசையாக எழுந்ததே, ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு பெயருக்கு எத்தனை பொருள் என்று செய்யுள் செய்பவரும் படிப்பவரும் தெரிந்துகொள்வதற்காகத்தான். அவை பாட்டாக இருந்ததால் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். துணைநூல் தலைக்குள்ளேயே இருந்தது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக அமைந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், புதிர் போடுகிறவனுக்கு வேண்டிய நான்கு விதத் துணைகளையும் ஒருவர் முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டாரே என்று எனக்கு வியப்பாக இருக்கும். பெயர் அகராதியில் ஒரு சொல்லின் பல பொருள்கள். பொருள் அகராதியில் ஒரு பொருளின் பல சொற்கள். தொகை அகராதியில் எண்ணித் தொகுத்து வழங்கும் கூட்டங்கள். தொடை அகராதியில் எதுகைக்கு இசைந்து வரும் சொற்கள். இக்காலத்தில் செயலி தரும் ‘இந்த இடத்தில் இந்த எழுத்து உள்ள சொல்’ என்ற பட்டியலுக்குத் தொடை அகராதியைத் தூரத்து உறவு என்று சொன்னால் தவறில்லை.

இந்த நான்கில் முதல் இரண்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தொகையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இரட்டை மனம். அறுபது ஆண்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருப்பது பெருமைதான்; ஆனால் ‘விபவ’வுக்கு அடுத்த ஆண்டு எது என்று பஞ்சாங்கத்தைப் பார்ப்பதால் புதிரின் மூளைவேலை எதுவும் குறைவதில்லை. ஆறுகள், மன்னர்கள், ராகங்கள் என்று தகவல் சார்ந்த எதற்கும் இது பொருந்தும். சில குறிப்புகளில் மட்டும் பட்டியலே நகைச்சுவையைக் கொன்றுவிடும். ‘வாசலில் கழுத்துப்பட்டை அணிந்த நட்சத்திரம் (3)’ என்ற குறிப்பைப் பாருங்கள். யாரோ ஒரு திரை நட்சத்திரம் கோட்டு சூட்டோடு விழா வாசலில் நிற்கும் காட்சி மனத்தில் எழ வேண்டும். பிறகு வாசலைக் ‘கேட்’ என்றும் கழுத்துப்பட்டையை ‘டை’ என்றும் நாம் பேசுவது நினைவுக்கு வர வேண்டும். அப்போது ‘கேட்டை’ வானத்து நட்சத்திரமாக விழும். இருபத்தேழு நட்சத்திரங்களின் பட்டியலை எடுத்து மூன்றெழுத்துக்காரர்களை மட்டும் பொறுக்கினால் விடை சீக்கிரம் வரும், சிரிப்பு வராது. இந்தக் குறிப்பில் பெரிய அகராதிகளும் கை கொடுக்காது. கேட்டும் டையும் தெருவில் புழங்குகிற சொற்கள், காதுதான் அவற்றுக்கு அகராதி.

எந்த அகராதி என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தொகுப்பில் அதை இணையத்திலேயே தேடிப் பார்க்க முடிகிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதல் பதிப்பும், 2008, 2020 ஆண்டுகளில் விரிவாக்கிய பதிப்புகளும் கண்டது; இன்று எழுத்தில் வழங்கும் சொற்களுக்கு அதுதான் நம்பகமானது. அவிழ்ப்பவருக்கு என் ஆலோசனை, தேங்கிய குறிப்புக்கு முதலில் க்ரியாவைத் திறக்க வேண்டும், லெக்சிகனைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. லெக்சிகன் தாராளமானது. அதில் தேடினால் எந்தச் சிறு சொல்லுக்கும் எங்கோ ஒரு நிகண்டில் யாரோ கொடுத்த பொருள் ஒன்று அகப்பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு நம் தவறான விடைக்கும் ஆதாரம் காட்டிவிடலாம். புதிர் அமைப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. யாருக்கும் தெரியாத ஒரு பொருளை லெக்சிகனிலிருந்து எடுத்துக் குறிப்பின் நடுவில் வைப்பது கடினமான குறிப்பை உருவாக்கும், நல்ல குறிப்பை உருவாக்காது. மா இருபதில் ஒரு பங்கு என்பதை நான் பயன்படுத்தியதற்குக் காரணம், அது தெரியாவிட்டாலும் பழத்தையும் துளையையும் வைத்து விடைக்கு வந்துவிடலாம் என்பதுதான். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தெரிந்த சொற்களைத் தெரியாதவை போலக் காட்டுவதில்தான் அவற்றின் கெட்டிக்காரத்தனம் இருக்கும்.

ஆங்கிலத்தில் இந்த விவகாரம் வேறு மாதிரித் தீர்ந்திருக்கிறது. புதிரின் வகையே விதியைச் சொல்லிவிடுகிறது. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் 1930இல் குறுக்கெழுத்து தொடங்கியது. 1970இல் அதன் பெயரில் தொடங்கிய போட்டியில் துணைநூல் எதற்கும் அனுமதி கிடையாது. அன்றாட நாளிதழ்ப் புதிர் அகராதி இல்லாமல் முடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே உண்டு. ஆனால் ‘அப்சர்வர்’ வார இதழின் கடினப் புதிர் மரபு முற்றிலும் எதிர்த்திசையில் போனது. 1926இல் டார்க்கமாடா என்ற புனைபெயரில் தொடங்கி, 1939 முதல் ஸிமெனீஸ், 1972 முதல் அஸெட் என்று வந்த அந்த வரிசையில் மூன்று பெயர்களுமே ஸ்பானிய மத விசாரணைத் தலைவர்களைக் குறிப்பவை; டெஸா என்ற பெயரைத் திருப்பிப் போட்டதுதான் அஸெட். பெயரிலேயே சித்திரவதையை அறிவித்துவிட்டார்கள். அஸெட்டின் புதிருக்குச் சேம்பர்ஸ் அகராதி பரிந்துரைக்கப்பட்ட துணைநூல். அங்கே அகராதியைத் திறக்காமல் வீம்பு பிடிப்பது விளையாட்டின் பாதியை வேண்டாம் என்று சொல்வது. குறிப்பின் சேர்மானத்தைக் கொண்டு இதுவரை கேள்விப்படாத ஒரு சொல்லை நாமே கட்டி, அப்படி ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறதா என்று அகராதியைத் திறந்து, இருக்கக் காணும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே அந்தப் புதிர்களைப் போடுகிறவர்கள் உண்டு. எழுத்துகளைக் கட்டியது நாம், உறுதி செய்தது அகராதி. தமிழ்ப் புதிரிலும் நிகண்டுச் சொல் விடையாக வரும்போது இதே வரிசைதான் சரி.

அதே ஆங்கில மரபில், ஆன் பிராட்ஃபோர்டு தொகுத்து 1986இல் முதலில் வெளியான குறுக்கெழுத்து அகராதியும் இருக்கிறது. அவர் பல பத்தாண்டுகளாகத் தாம் போட்ட புதிர்களில் எந்தக் குறிப்புச் சொல்லுக்கு எது விடையாக வந்தது என்று குறித்து வைத்ததன் திரட்டு அது. அந்தப் புத்தகத்தை வாங்கிப் பயன்படுத்துவதைவிட, அவர் செய்ததைச் செய்து பார்ப்பதுதான் நமக்கு லாபம். நான் ஒரு பழைய கோடு போட்ட நோட்டை இதற்கென்று வைத்திருக்கிறேன். சேர்மானத் துண்டுகள் இடப்பக்கம்; எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சொற்கள் வலப்பக்கம். நகரம் நரகமாக வேண்டுமானால் குறிப்பில் குழம்பினால், சிதறினால், தடுமாறி, கலவரத்தில், ஒழுங்கின்றி என்று ஏதாவது ஒன்று வரும். ‘நகரம் குழம்பினால் பாவிகள் சேரும் இடம் (4)’ என்பது போல. இத்தகைய சொற்கள் எந்த அகராதியிலும் ஓரிடத்தில் திரண்டு கிடைக்காது, ஏனென்றால் இது பொருள் அடிப்படையிலான திரட்டு அல்ல, வேலை அடிப்படையிலானது. உள்ளே, நடுவே, சூழ, விழுங்கிய என்றால் நுழைத்தல். தலை, முனை, தொடக்கம் என்றால் முதலெழுத்து. வால், ஓய்ந்த, கடைசியில் என்றால் இறுதியெழுத்து. நோட்டு நிரம்ப நிரம்ப அதைத் திறக்கும் தேவை குறையும். எழுதும்போதே மனத்தில் தங்கிவிடுகிறது.

இயந்திரத் துணைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட எழுத்துத் தேடல் தளங்கள் தமிழில் தடுமாறுகின்றன. நம் கண்ணுக்கு மாதுளை மூன்று எழுத்து. யூனிகோடில் அது ம, துணைக்கால், த, உகரக்குறி, ள, ஐகாரக்குறி என்று ஆறு குறியீடுகள். எனவே மூன்று கட்டச் சொல் வேண்டும் என்று கேட்டால் அந்தத் தளங்கள் எதையோ கொண்டுவந்து நிறுத்தும். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்தெண்ணும் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரலகங்கள் இருக்கின்றன; நிரல் எழுதத் தெரிந்தவர்கள் விக்சனரியின் சொற்பட்டியலோடு அதைச் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு தேடுகருவியைச் செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகும் ஒரு சுவர் இருக்கும். அகராதியில் இருப்பவை பெயர்ச்சொற்களும் வினையடிகளும். புதிரில் வருபவை திணை, பால், காலம் காட்டும் முழு வினைகளும்தான். ‘குடித்தாள், தலை மாறியதும் கவலைப்பட்டாள் (6)’ என்ற குறிப்புக்கு விடை, ‘அருந்தினாள்’ தலையெழுத்து மாறி ‘வருந்தினாள்’ ஆவது. பட்டியலில் வருந்து என்ற அடி மட்டும் இருக்கும்; நான்கு கட்டங்களுக்குக் கேட்டால் அது வரும், ஆறு கட்டங்களுக்குக் கேட்டால் விடை வராது. தமிழின் இந்தக் குணம் புதிரைக் காப்பாற்றுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் குறிப்பை அப்படியே கொடுத்துப் பார்த்திருக்கிறேன். விடையைத் தயங்காமல் சொல்கின்றன, விளக்கத்தையும் சேர்த்தே தருகின்றன. கட்டங்களை எண்ணிப் பார்த்தால் சில நேரம் விடைக்கு ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது, விளக்கமோ கடலைக்கு வாயு சொன்னது போல இருக்கிறது. அவை நாளை தேறிவிடலாம். தேறினால் இன்னும் மோசம், குறிப்பை நாம் படிக்கவே வேண்டாத நிலை வந்துவிடும். ‘கார்டியன்’ நாளிதழின் இணையப் புதிரில் இருக்கும் ‘சரிபார்’ பொத்தானைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, அதுவும் விடையை முழுதாக எழுதிக் காரணத்தையும் கண்டுபிடித்த பிறகு அழுத்தினால். எழுத்து எழுத்தாகப் போட்டு அழுத்திப் பார்ப்பது பூட்டுக்கு எண் தேடுவதைப் போன்ற வேறொரு வேலை.

எல்லாத் துணைகளிலும் சிறந்தது பக்கத்தில் உட்கார்ந்து புதிர் போடும் இன்னொருவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அவருக்குப் பாதி சொல்லும் கலை தெரிந்திருக்க வேண்டும். விடை என்ன என்று கேட்கக் கூடாது. நேர்ப்பொருள் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேட்கலாம், நான் பிரித்த இடம் சரியா என்று கேட்கலாம். மாமாவிடம் கேட்டால் பெரும்பாலும் கேள்விதான் திரும்பி வரும், அதுவும் காபி டம்ளரைக் கீழே வைத்த பிறகு, கொஞ்சம் தாமதித்து. அந்தத் தாமதத்துக்குள் நமக்கே விடை தோன்றிவிடுவதும் உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு விடைகளைத் தாராளமாகப் பார்க்கலாம், விளக்கத்தோடு வெளியாகும் பழைய புதிர்களை எடுத்துக் குறிப்பையும் விடையையும் அருகருகே வைத்து ஏன் இது என்று கண்டுபிடிப்பதையே பயிற்சியாகக் கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்விகள் பிடிபட்ட பிறகு அகராதியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். தள்ளி வைத்துவிட்டுப் போட்டுப் பார்க்க ஒன்றை இங்கே விட்டுச்செல்கிறேன். இதற்கு லெக்சிகனும் வேண்டாம், செயலியும் வேண்டாம்: ‘ரதத்தின் நடுவே நீ அமர்ந்தால் பருகக் கிடைக்கும் (3)’.